படிக்கக் கற்றவர்கள்: இடையன்குடிக் கோயிலும் பள்ளிக்கூடமும்

இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் நாட்டினார்கள். பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6-ஆம் தேதி. அடிக்கல் நாட்டிய அன்று தாய் மடியில் கிடந்த பிள்ளை, பிரதிஷ்டையன்று தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். இந்த முப்பத்துமூன்று ஆண்டுகளை ராபர்ட் கால்டுவெல்லின் விடாமுயற்சிக்குச் சான்றாகச் சொல்வதுதான் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் கோயில் அத்தனை காலம் பொறுத்திருந்தது, பள்ளிக்கூடம் பொறுத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுவர் பாதியில் நின்ற ஆண்டுகளிலும், பணம் தட்டுப்பட்ட ஆண்டுகளிலும், பஞ்சம் வந்த ஆண்டுகளிலும் பிள்ளைகள் எழுதப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் ஒன்று கால்டுவெல்லுடையது. அங்கே அவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அறிஞர். தமிழ்நாட்டு அரசியலுக்கு அந்த ஒரு கால்டுவெல் போதும். திசையன்விளைக்குப் பக்கத்தில், கடலிலிருந்து சில மைல் தள்ளிப் பனங்காட்டுக்கு நடுவே இருக்கும் இடையன்குடிக்கு அவர் வேறு ஆள்: தெரு போட்டவர், கிணறு வெட்டியவர், பள்ளிக்கூடம் நடத்தியவர், ஊரைக் கட்டிக் காத்தவர், கண்டித்தவர். அவருடைய பள்ளிகளில் வளர்ந்த சமூகம் எந்தப் புத்தகத்துக்காக அவரை எதிர்த்து நின்றதோ, அந்தப் புத்தகம் அவருடைய புகழுரைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மிஷன்காரர்கள் கோயிலையும் பள்ளியையும் ஒரே வேலையின் இரண்டு கைகளாக நினைத்தார்கள். அந்த இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதுதான் தென் திருநெல்வேலியின் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். திருச்செந்தூர், சாத்தான்குளம், ராதாபுரம் வட்டாரத்தில் தாமிரபரணிப் பாசனம் எட்டாத தரை தேரிக்காடு. செம்மணல். காற்றுக்கு இடம் பெயரும் மேடுகள். அங்கே நட்டு நீர் ஊற்றாமல் நிற்பது பனை ஒன்றுதான். பனையேறிக்கு மாசி, பங்குனியில் வேலை சூடுபிடித்தால் ஆடி வரை ஓய்வில்லை. கருக்கலிலேயே இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறுவார். பாளையின் நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கி அடுத்த மரத்துக்குப் போவார். நாளுக்கு முப்பது, நாற்பது மரம். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. இறக்கிய பதநீர் வெயில் ஏறினால் புளித்துவிடும். ஆகவே வீட்டுப் பெண்கள் பனங்காட்டுக் குடிசையான விடிலியில் அடுப்பை மூட்டிக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார்கள். காவோலை பொறுக்குவதும் சுள்ளி கொண்டுவருவதும் பிள்ளைகள் பாடு. பருவம் வந்தால் குடும்பமே ஊரைவிட்டு விடிலிக்குக் குடிபோய்விடும். இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடம் நடத்த வருகிறவருக்கு முதல் எதிரி அறியாமை அல்ல, பதநீர்ப் பருவம்.

மரமும் பெரும்பாலும் ஏறுகிறவருடையது அல்ல. பனையேறிகளின் சாதிக்குள்ளேயே மேல்நிலையில் இருந்த நாடான்மார் சில பகுதிகளில் நிலத்தையும் வரி வசூலையும் கையில் வைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் வெள்ளாளர், மறவர் ஆகியோரின் அதிகாரம். பனையேறிகளுக்குப் பெரிய இந்துக் கோயில்களுக்குள் நுழைய அனுமதி இல்லை. அன்றைய ஆவணங்கள் இவர்களைச் 'சாணார்' என்றே குறிக்கின்றன. நாடார் என்ற பெயர் அரசுப் பதிவுகளில் ஏற 1921 வரை ஆயிற்று. அந்த மாற்றத்துக்கு மனு எழுதியவர்கள் எங்கே எழுதக் கற்றார்கள் என்று கேட்டால், விடை பல நேரம் இந்த ஊர்ப் பள்ளிகளில்தான் போய் முடிகிறது.

இடையன்குடியின் கதையைக் கால்டுவெல்லிலிருந்து தொடங்குவது வசதி. ஆனால் அவர் வந்து சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு சபை இருந்தது. அதன் வேர் பாளையங்கோட்டையில். தஞ்சாவூரிலிருந்து வந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் 1778-இல் குளோரிந்தா என்ற பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் அங்கே எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். பனங்காட்டுக்குள் அந்த மதத்தைக் கொண்டுபோனவர் வெள்ளைக்காரர் அல்லர். சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊரான காலன்குடியில் பிறந்து, தஞ்சைக்குப் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பிய தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார். அவருடைய உறவுக்காரர்கள் 1797-இல் ஞானஸ்நானம் பெற்றார்கள். உடனே அடி விழுந்தது. வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், கிணற்றை மறித்தார்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்ற நிலையில், 1799-இல் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி கொடுத்த பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதற்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அதே முதலூர்தான்.

முதலூர் ஒரு முன்மாதிரி ஆயிற்று. வேதத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் தேவை பிரசங்கம் அல்ல, யாரும் வெளியே தள்ள முடியாத ஒரு துண்டு நிலம் என்பதை அது காட்டியது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். 1830-இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம் சபையாரிடம் பணம் திரட்டிக் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கியது. பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் எழுந்த ஊருக்கு டோனாவூர் என்று பெயர். நாசரேத்து, சுவிசேஷபுரம், மெய்ஞ்ஞானபுரம் என்று தேரியைச் சுற்றி வேதாகமப் பெயர்களும் வடசொற் பெயர்களும் முளைத்ததன் பின்னணி இதுதான். பெயரைப் பார்த்துப் பக்தி என்று நினைப்போம். பத்திரத்தைப் பார்த்தால் நிலப் பாதுகாப்பு.

அந்த ஊர்களில் முதலில் எழும்பியது மண்சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை அது கோயில். திங்கள் முதல் பள்ளிக்கூடம். காலையும் மாலையும் ஜெபவீடு. உபதேசியாரும் வாத்தியாரும் பல இடங்களில் ஒரே ஆள். சம்பளம் குறைவு, மரியாதை கூடுதல். கிராமத்து மனுக்களையும் கடிதங்களையும் எழுதிக்கொடுத்தவரும் அவரே. வெள்ளைக்காரப் பாதிரியார் குதிரையிலோ வண்டியிலோ மாதத்துக்கு ஒரு முறை வந்துபோவார். மற்ற நாளெல்லாம் அந்த ஊரில் திருச்சபை என்பது இந்த உபதேசியார்தான். திருநெல்வேலிக் கிறிஸ்தவத்தின் வரலாற்றைப் பாதிரியார்களின் வாழ்க்கை வரலாறுகளாக எழுதி எழுதி இந்த மனிதர்களை நாம் தொலைத்துவிட்டோம்.

கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். 1838 ஜனவரியில் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னைக்கு வந்தார். பிறகு ஆங்கிலிகன் திருச்சபைக்கு மாறி, எஸ்.பி.ஜி. என்ற அதன் மிஷன் சங்கத்தின் சார்பில் தெற்கே புறப்பட்டார். சென்னையிலிருந்து தஞ்சை, திருச்சி, நீலகிரி, கோவை, மதுரை என்று சுற்றிக்கொண்டு பெரும்பாலும் நடந்தே வந்தார். வழியில் உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். 1841-இன் இறுதியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். ஊர் அவர் கண்ணுக்கு ஒழுங்கற்றுக் கிடந்தது. நிலம் வாங்கினார். நேர்கோட்டில் அகலமான தெருக்கள் வகுத்தார். கிணறுகள் தோண்டச் செய்தார். தெருவோரம் மரம் நட்டார். வீடுகள் வரிசையில் அமைய வேண்டும் என்றார். பிறர் நிலத்தில் விரும்பியபடி குடிசை போட்டிருந்தவர்களுக்கு இது புதிய அனுபவம்.

இதை வளர்ச்சி என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. நிலம் மிஷனின் பெயரில் இருக்கும்போது பாதிரியார் போதகர் மட்டுமல்ல, ஊருக்கு நிலக்கிழாரும் ஆகிவிடுகிறார். ஆராதனைக்கு வராதவரைக் கண்டிப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவரைக் கூப்பிட்டு விசாரிப்பதும், கல்யாணம் யாருக்கு யார் என்பதில் கருத்துச் சொல்வதும் ஒரே ஆளின் அதிகாரத்துக்குள் வந்தன. பழைய நாடான்மாரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு வேறொரு ஐயா கிடைத்தார். வேறுபாடும் உண்டு: இந்த ஐயா பனையேறியின் மகனுக்கும் மகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பழைய ஐயா அதைச் செய்ததில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கும்போது அதன் நோக்கம் குறுகலாகவே இருந்தது. வேதம் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி பழகுவது திண்ணைப் பள்ளிக்கூட முறை. மிஷன் பள்ளியும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. மணலுக்குத் தேரியில் பஞ்சமில்லை, ஓலைக்கும் இல்லை. பெரியவர்களுக்கு எழுத்து அல்ல, மனப்பாடம். உபதேசியார் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, கூடியிருப்பவர்கள் ஒன்றாகத் திருப்பிச் சொல்வார்கள். மரம் ஏறுகிறவர்களுக்கு வேலை முடிந்த பொழுதிலும் பெண்களுக்கு அடுப்பு வேலை ஓய்ந்த பொழுதிலும் இது நடக்கும். ஊரின் நேரத்துக்குத்தான் மிஷன் வளைந்ததே தவிர, மிஷனின் நேரத்துக்கு ஊர் வளையவில்லை.

இந்தக் கதையில் எலைசா மால்ட்டுக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும். நாகர்கோவிலில் லண்டன் மிஷனில் இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள். அங்கேயே வளர்ந்ததால் தமிழ் அவருக்குப் படித்து வந்த மொழி அல்ல, பேசி வளர்ந்த மொழி. 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்ததும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். வீட்டில் இருந்தால் பருவத்துக்குப் பருவம் விடிலிக்குப் போய்விடும் பெண்கள், விடுதியில் இருந்தால் ஆண்டு முழுதும் படிக்கலாம் என்பது கணக்கு. கூடவே நாகர்கோவிலிலிருந்து ரேந்தை பின்னும் கைவேலையையும் கொண்டுவந்தார். அது அங்கே 1820-ஐ ஒட்டி மிஷனரி மனைவிமார் தொடங்கியது. தலையணை போன்ற திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. ஒரு முழம் ரேந்தைக்கு நாள்கணக்கில் உட்கார வேண்டும். அதை விற்ற பணம் பள்ளிச் செலவுக்கும் ஆயிற்று, பெண்ணின் கைக்கும் வந்தது. பெண்ணைப் படிக்கவைப்பதால் வீட்டுக்கு என்ன லாபம் என்று கேட்ட தகப்பனுக்கு அந்தக் காசு ஒரு பதிலாக இருந்தது. பெண்கல்வி பற்றிய நீண்ட பிரசங்கங்களைவிட அது அதிகம் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம்.

படித்த பெண்ணை உபதேசியாருக்கோ வாத்தியாருக்கோ கட்டிக்கொடுப்பது மிஷனின் விருப்பம். அப்படி அமைந்த வீடுகளில் இரண்டாம் தலைமுறைப் பெண்கள் ஆசிரியைகள் ஆனார்கள். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரில் வளர்ந்த பயிற்சிப் பள்ளியும் பின்னர் கல்லூரியும் இந்த வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்களால் நிரம்பியவை. இன்றைக்கும் தென் மாவட்டத்து நாடார் கிறிஸ்தவக் குடும்பங்களில் மூன்று, நான்கு தலைமுறை டீச்சர்கள் இருப்பது யாருக்கும் வியப்பான செய்தி அல்ல.

1854-இல் வந்த வுட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை தரும் வழியைத் திறந்துவிட்டது. அதன்பிறகு பள்ளிகளில் இன்ஸ்பெக்டர் வந்தார், பதிவேடு வந்தது, பாடத்திட்டம் வந்தது. வேதம் படிக்க மட்டும் என்று தொடங்கிய இடத்தில் கணக்கும் பூகோளமும் ஆங்கிலமும் நுழைந்தன. கோயிலின் கையிலிருந்து பள்ளி நழுவத் தொடங்கிய இடம் இதுதான். மிஷனுக்குப் பணம் தேவைப்பட்டது, அரசிடம் பணம் இருந்தது. அந்தப் பணத்தோடு வந்த நிபந்தனைகளையும் ஏற்க வேண்டியதாயிற்று.

இனி கோயில். ஏன் முப்பத்துமூன்று ஆண்டு? கால்டுவெல் மனத்தில் வைத்திருந்தது கூர்ங்கோண வளைவுகள் கொண்ட காதிக் பாணிக் கட்டடம். தேரிக்காட்டில் அதற்கு வேண்டிய கல்லும் இல்லை, அந்த வேலை தெரிந்த கைகளும் இல்லை. கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். ஊர்க் கொத்தனார்கள் பார்த்தேயிராத வடிவங்களை அவர்களுக்குப் பழக்க வேண்டும். கால்டுவெல் 1854 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தார். அவருடைய ஒப்பிலக்கணம் 1856-இல் லண்டனில் வெளிவந்தது. திரும்பி வந்தபின் தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் பல ஆண்டுகள் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம். பனையேறும் ஊரிடம் கல்கோயில் கட்டும் அளவுக்குப் பணம் எப்போதும் இருந்ததில்லை.

ஆனாலும் ஊர் கொடுத்தது. சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வாரம்தோறும் கோயிலுக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை இந்த வட்டாரத்துப் பெண்களின் பழக்கம். முதற்பலன் என்று கருப்பட்டி, பாய், கோழி, முட்டை வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அவற்றை ஏலம் விடுவார்கள். பிழைப்புக்காக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த பணமும் இந்த ஊர்களில் புழங்கியது. திருநெல்வேலி உபதேசியார்கள் அந்தத் தோட்டங்களுக்கே போய் ஊழியம் செய்தார்கள். 1850களின் நடுவில் கண்டி மலைநாட்டில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் முதுகெலும்பு அவர்கள்தான். மெய்ஞ்ஞானபுரத்தில் மிஷனரி ஜான் தாமஸ் கட்டிய கோயில் 1847-இல் ஆராதனைக்குத் திறக்கப்பட்டாலும் 192 அடிக் கோபுரம் முடிய 1868 ஆயிற்று. முதலூர்க் கோயில் 1883-இல் தொடங்கி 1929-இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. இந்தப் பனங்காட்டுக் கோயில்கள் ஒன்றுமே அவசரமாக எழுந்தவை அல்ல.

1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கால்டுவெல் 1877 மார்ச்சில் கல்கத்தாவில் சார்ஜென்ட் என்ற இன்னொரு மிஷனரியோடு சேர்ந்து பேராயராக அபிஷேகம் பெற்றுத் திரும்பியபோது மாவட்டம் பசியில் கிடந்தது. நிவாரணம் கொடுத்த கையைத் தேடிப் பல்லாயிரம் பேர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏளனம் அன்றே எழுந்தது. அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் பஞ்சத்தில் உயிரோடு இருப்பதற்கு வழி தேடியவனைப் பார்த்து ஏளனம் செய்யும் உரிமை அன்றைக்கு வயிறு நிறைந்திருந்தவர்களுக்கு இல்லை. பஞ்சம் விட்டுப்போன அநாதைப் பிள்ளைகளால் பல ஊர்களில் விடுதிகள் பெருகின. பள்ளிக்கூடம் இன்னும் பெரிதானது. 1880-இல் திருநெல்வேலித் திருச்சபை தன் நூற்றாண்டைக் கொண்டாடிய அதே ஆண்டு இடையன்குடிக் கோயிலும் பிரதிஷ்டையாயிற்று.

பஞ்சத்துக்கு முன்பே இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு அடிக்கல் நாட்டி இரண்டு ஆண்டு கழித்து, 1849-இல், கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்பது அதன் தலைப்பின் பொருள். இங்கிலாந்தில் நன்கொடை தருபவர்களுக்கு இந்த மக்களை அறிமுகப்படுத்துவது நோக்கம். அதில் இவர்களுடைய சமயத்தைப் பேய்வழிபாடு என்று விளக்கினார். அறிவுத் திறனில் தாழ்ந்தவர்கள் என்றார். இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் சொன்னார். தான் அன்றாடம் பழகிய, தனக்குக் கைப்பிடி அரிசி கொண்டுவந்து கொடுத்த மக்களைப் பற்றி எழுதியது அது. மொழிகளை ஒப்பிடும்போது அத்தனை கூர்மையாகப் பார்த்த கண், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும்போது அன்றைய ஐரோப்பியப் பொதுப்புத்திக்குள் சிக்கிக்கொண்டது. இதைக் காலத்தின் குறை என்று சொல்லித் தள்ளிவிட நினைப்பவர்கள், அதே காலத்தில் அதை ஏற்காதவர்கள் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஏற்காதவர்களில் முதல் ஆள் அருமைநாயகம். சாயர்புரம் செமினரியில் படித்து, நாசரேத்தில் உபதேசியாராக இருந்தவர். பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்ததால் அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. நாசரேத்து மிஷனரியோடு மூண்ட தகராறில் 1850-ஐ ஒட்டி வேலை போயிற்று. அத்தோடு கால்டுவெல்லின் நூலும் சேர்ந்துகொண்டது. 1857-இல் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் மிஷனை விட்டு வெளியேறி நாசரேத்துக்குப் பக்கத்தில் இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், வெள்ளைக்காரர் ஆளுகை வேண்டாம் என்பது அதன் அடிப்படை. சனிக்கிழமை ஓய்வுநாள். தரையில் உட்கார்ந்து ஆராதனை, சாம்பிராணி. பழைய ஏற்பாட்டைத் துருவிப் படித்து, அதன் முறைமைகள் ஐரோப்பியப் பழக்கத்தைவிடத் தங்கள் பழக்கத்துக்கு நெருங்கியவை என்று வாதாடினார்கள். இந்த வாதத்தைச் செய்ய வேதாகமத்தை நன்றாகப் படித்திருக்க வேண்டும். படிக்கச் சொல்லிக்கொடுத்தது மிஷன் பள்ளி. மதம் மாறியவர்கள் மிஷனரிகளின் நிழலில் சுயமில்லாமல் கிடந்தார்கள் என்று பேசுகிறவர்கள், தமிழ்நாட்டில் இப்படி ஒரு சுதேசித் திருச்சபை காங்கிரஸ் பிறப்பதற்கு இருபத்தெட்டு ஆண்டு முன்பே எழுந்ததை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது அலை 1880களில் வந்தது. இதற்குள் கால்டுவெல் பேராயர், அவருடைய சொல்லுக்கு முன்னைவிட எடை கூடுதல். மறுபக்கம், பள்ளி மட்டுமல்ல, கல்லூரியும் முடித்து அரசு வேலைக்குப் போன ஒரு தலைமுறையும் வளர்ந்துவிட்டது. செங்கல்பட்டில் சப்-ரிஜிஸ்திராராக இருந்த சாமுவேல் சற்குணர் 1883-இல் கால்டுவெல்லின் நூலை மறுத்து ஆங்கிலத்திலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அரசுக்கு விண்ணப்பங்கள் போயின. தாங்கள் சத்திரியர் என்று நிறுவ இலக்கியமும் கல்வெட்டும் தேடினார்கள். அந்த வரலாற்று வாதங்கள் பலவற்றை இன்று ஓர் ஆய்வாளர் ஏற்கமாட்டார். உயர்வை நிறுவ அரச வம்சம்தான் தேவை என்ற எண்ணமே சாதியின் தர்க்கத்துக்குள் இருந்து வருவது. ஆனாலும் முப்பது ஆண்டுக்கு முன் ஒருவர் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதை, அந்தச் சமூகத்தின் பிள்ளைகளே ஆங்கிலத்தில் படித்து, அதே மொழியில் பதில் எழுதினார்கள். பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் எதிர்பாராத விளைச்சல் இது.

இந்தப் பள்ளிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்கள் பெரும்பாலும் ஒரே சாதி ஊர்களாக அமைந்தன. மேல்சாதியாரின் தடையில்லாமல் பள்ளி நடத்த அது உதவியது. கூடவே சாதி எல்லையையும் கெட்டியாக்கியது. வேதத்தில் சேர்ந்த பறையர், பள்ளர் குடும்பங்களுக்குத் தனித் தெரு, சில இடங்களில் தனிக் கோயில். தங்களைத் தாழ்த்தியவர்களுக்குப் பதில் எழுதியவர்களில் எத்தனை பேர் பக்கத்துத் தெருவைப் பற்றி எழுதினார்கள் என்று தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம்.

சாயர்புரத்திலிருந்த மேல்படிப்பு 1883-இல் தூத்துக்குடிக்கு மாறிக் கால்டுவெல் பெயரைத் தாங்கிய கல்லூரியாயிற்று. அந்த ஆண்டே கால்டுவெல்லும் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். 1899-இல் இறந்த எலைசாவும் அங்கேதான். 1896-இல் திருநெல்வேலி தனித் திருமண்டலம் ஆயிற்று. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து மெய்ஞ்ஞானபுரம் பள்ளியில் படித்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் தூண்களில் ஒருவர். திருநெல்வேலிக் காணிக்கையைக் கொண்டு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அசரியா 1912-இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிகன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர். பனங்காட்டுப் பள்ளியில் படித்தவருக்குக் கீழே வெள்ளைக்காரக் குருக்களும் வேலை செய்ய வேண்டியிருந்தது. சிலருக்கு அது எளிதாகச் செரிக்கவில்லை.

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானதும் மிஷன் நிலங்களும் பள்ளிகளும் திருமண்டலத்தின் கைக்கு வந்தன. இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீட்டை 2011-இல் தமிழக அரசு நினைவில்லமாகத் திறந்தது. திருநெல்வேலிக் கிராமங்களில் பனையேறுகிறவர்கள் அருகிவிட்டார்கள். படித்தவர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசனம் என்ற பொதுவிருந்துக்கும் வண்டி பிடித்து வருகிறார்கள். பள்ளி, கோயில் என்ற இந்த இரண்டு அமைப்புகளின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நூற்றைம்பது ஆண்டு இழுபறியின் முடிவு தெரியும். உதவிபெறும் பள்ளியின் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. நியமனம் செய்வது திருமண்டலம். தாளாளர் பதவிக்குப் போட்டி சேகரக் கமிட்டித் தேர்தலிலேயே தொடங்கிவிடும். கோயிலை நடத்தவோ அப்படி அரசுச் சம்பளம் கிடையாது. வெளியூர் போனவர்கள் அனுப்பும் காணிக்கையிலும், பண்டிகை ஏலத்தில் ஒரு கோழிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் உள்ளூர்க்காரரின் வீம்பிலும் அது நடக்கிறது.